பாட்டுக்குள் ஒரு விளம்பரம்

தொண்ணூறுகளில் மேல்நாட்டில் பாட்டுக்குப் படம் பிடிப்பது ஒரு பெரிய வியாபாரமாக இருந்தது. 1981-இல் அமெரிக்காவில் எம்.டி.வி. என்ற டெலிவிஷன் இதற்கென்றே ஆரம்பமாயிற்று. பாட்டு விற்க வேண்டுமானால் படம் வேண்டும்; படம் நினைவில் நிற்க வேண்டுமானால் அதில் ஏதாவது விநோதம் வேண்டும். 1991-இல் மைக்கேல் ஜாக்ஸன் படத்தில் ஒருவர் முகம் உருகி இன்னொருவர் முகமாயிற்று. 1996-இல் ஜமிரோக்வாய் குழுவின் பாடகர், தரையே நகருவது போன்ற அறையில் வழுக்கி வழுக்கி ஆடினார். உண்மையில் நகர்ந்தவை சுவர்கள்! இதையெல்லாம் வாய் பிளந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் மிக விநோதமானது எது என்று என்னைக் கேட்டால், எந்த ஜாலமும் இல்லாத ஒன்றைத்தான் சொல்வேன்.

மின்னியாபொலிஸ் நகரத்து ஸோல் அஸைலம் என்ற குழு 1993-இல் வெளியிட்ட பாட்டு அது. பெயர் 'ரன்அவே ட்ரெயின்'. கட்டுக்கடங்காமல் ஓடும் ரயில் என்று அர்த்தம். பாடகர் டேவ் பர்னர் அதை எழுதியது தம்முடைய மனச் சோர்வைப் பற்றி. வேறு யாரைப் பற்றியும் அல்ல. ஆனால் 'ரன்அவே' என்ற வார்த்தைக்கு வீட்டை விட்டு ஓடிப்போன குழந்தை என்றும் ஒரு பொருள் உண்டு. படம் எடுக்க வந்த டோனி கே என்ற ஆங்கிலேயர் அந்த வார்த்தையைப் பிடித்துக் கொண்டார். அவர் விளம்பரப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கியவர். இதையும் ஒரு விளம்பரமாகவே எடுத்துவிட்டார். என்ன விளம்பரம்? நாம் பத்திரிகையில் பார்க்கிறோமே, 'காணவில்லை' என்று, அதுதான்.

அமெரிக்காவில் இந்த விளம்பரத்துக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. அயோவா மாகாணத்து டெ மாய்ன் வட்டாரத்தில், 1982-இல் ஒருவனும் 1984-இல் ஒருவனுமாக, பத்திரிகை போடப் போன இரண்டு சிறுவர்கள் திரும்பவே இல்லை. அவ்வூர்ப் பால் பண்ணை ஒன்று அவர்களுடைய படங்களைப் பால் அட்டைப்பெட்டியில் அச்சிட்டது. மறு வருஷத்துக்குள் நூற்றுக்கணக்கான பண்ணைகள் அதைப் பின்பற்றின. காலையில் குழந்தை பால் குடிக்க உட்கார்ந்தால் எதிரே காணாமற்போன இன்னொரு குழந்தையின் முகம்! பிரபல குழந்தை வைத்தியர் பெஞ்சமின் ஸ்போக், இது குழந்தைகளைக் கிலி பிடிக்கச் செய்கிறது என்று ஆட்சேபித்தார். கொஞ்ச காலத்தில் அந்த வழக்கம் ஓய்ந்தது. பெட்டியிலிருந்து இறங்கிய முகங்கள்தாம் பாட்டில் ஏறின என்று சொல்லலாம்.

பாட்டின் நடுவே, நிஜமாகவே காணாமற்போன பிள்ளைகளின் புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கீழே பெயர், எந்த வருஷத்திலிருந்து காணோம் என்ற குறிப்பு. அவ்வளவுதான். இடையிடையே நடிகர்கள் நடித்த காட்சிகள். ஒரு கிழவர் கிழவியை அடிக்கிறார். கண்டு சகியாமல் சிறுவன் ஒருவன் வீட்டை விட்டு ஓடுகிறான். ஒரு பெண் தெருவில் சீரழிகிறாள். இந்தக் குழந்தைகளைக் கண்டவர்களும், அந்தக் குழந்தைகளே பார்த்துக் கொண்டிருந்தால் அவர்களும், இன்ன நம்பருக்கு டெலிபோன் செய்யும்படி கடைசியில் பர்னரே கேட்டுக் கொள்கிறார். வேறு வேறு முகங்களோடு பல பிரதிகள் தயாராயின. பிரிட்டனுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று.

கதை எழுதுகிறவன் கண்ணுக்கு இதில் ஒன்று உறுத்துகிறது. நடித்த காட்சிகளில், குழந்தை ஏன் ஓடிற்று என்பது இருக்கிறது. நிஜமான முகங்களின் கீழே அது இல்லை. இருக்கவும் முடியாது. வீட்டார் கொடுக்கும் விளம்பரத்தில், "எங்கள் அடி பொறுக்காமல் போய்விட்டான்" என்று யார் எழுதப் போகிறார்கள்?

படத்தின் பயனாக இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் கிடைத்தார்கள் என்பது படம் எடுத்தவர்கள் தரப்பில் சொன்ன கணக்கு. ஒரு பாட்டுக்கு இதைவிடப் பெரிய சம்பாத்தியம் என்ன வேண்டும்? அந்தப் பாட்டுக்குக் கிராமி பரிசும் கிடைத்தது. அது ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் எல்லா முகங்களும் வீடு திரும்பவில்லை. ஆஸ்திரேலியப் பிரதியில் காட்டப்பட்டவர்களில் சிலர் ஐவன் மிலாட் என்ற பாதகனால் கொலையுண்டவர்கள் என்று பிற்பாடு தெரிந்தது. ஏழு பேரைக் கொன்றதற்காக 1996-இல் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். குழுவின் கிடார் வாத்தியக்காரர் டான் மர்ஃபி ஒரு பேட்டியில் சொன்னது இன்னும் கொடியது. படத்தில் வந்த ஒரு சிறுமியின் தகப்பனாரை அவர் சந்தித்தாராம். குழந்தை யாரிடம் இருப்பது என்று அந்தத் தம்பதிக்குள் வழக்கு. குழந்தையோ ஓடிப் போகவே இல்லை. தாயே கொன்று கொல்லையில் புதைத்திருந்தாள்.

அதே பேட்டியில் இன்னொரு பெண்ணும் வருகிறாள். கச்சேரிக்காக ஊர் ஊராகப் போனபோது குழுவினரிடம் வந்து, "என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்கள்" என்றாளாம். சிரித்துக் கொண்டே சொன்னாள் என்கிறார் மர்ஃபி. காதலன் வீட்டு டெலிவிஷனில் தன் முகத்தைத் தானே பார்த்திருக்கிறாள். பிறகு, எந்த வீட்டின் கொடுமை தாளாமல் வெளியேறினாளோ, அந்த வீட்டுக்கே அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிடைத்தவர்கள் கணக்கில் அவளும் ஒருத்திதானே? அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு வசப்படவில்லை.

2019-இல் அதே பாட்டை வேறு பாடகர்கள் மறுபடி பாடி, புதிதாக ஒரு படம் எடுத்தார்கள். அது இணையத்தில் ஓடியது. பார்ப்பவர் எந்தப் பிரதேசத்தில் இருக்கிறார் என்று அறிந்து, அந்தப் பக்கத்தில் காணாமற்போன குழந்தைகளின் முகங்களையே காட்டும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.