அண்ணன்மார் கதையை யார் வாயால் சொல்வது? இளையோர்க்கான மறுகூறலில் ஒரு சிக்கல்

இன்றைய திருப்பூர் மாவட்டத்தில், காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில், 1965இல் மானிடவியலாளர் பிரெண்டா பெக் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகக் கேட்டு ஒலிநாடாவில் பதிந்தார். பாடி முடிக்க 18 இரவுகள் ஆயின. அதே பாடகர் எழுத்தர் ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்த வடிவமும் பெக்குக்குக் கிடைத்தது. ஊர் கூடியிருக்கப் பாடியது ஒரு விதமாகவும் ஏட்டுக்காகச் சொன்னது வேறு விதமாகவும் இருந்ததை 1982இல் வெளிவந்த தம் நூலில் அவர் விரிவாக ஒப்பிட்டுக் காட்டினார். இளையோருக்காகக் கதையை மாற்றிச் சொன்னால் மூலம் கெட்டுவிடும் என்போருக்கு இந்த ஒப்பீடே போதிய மறுப்பு. கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்வது இக்கதை மரபிலேயே இருக்கிறது. ஆகவே மாற்றலாமா என்பது என் கேள்வியன்று. எதை மாற்றுவது என்பதில்தான் நம் மறுகூறல்கள் தவறுகின்றன.

அண்ணன்மார் எனப்படும் பொன்னரும் சங்கரும், அவர்கள் தங்கை தங்காளும் குன்னுடையான், தாமரை தம்பதிக்கு ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். அண்ணன்மாருக்கு வரமாகக் கிடைத்த ஆயுள் 16 ஆண்டுகள். உழவர் நிலத்துக்கும் வேட்டுவர் காட்டுக்கும் இடையிலான பகையும், கம்மாளரோடான பூசலும், கொம்பன் என்னும் காட்டுப்பன்றியின் வேட்டையுமாகக் கதை வளர்ந்து, இருவரும் தம் வாளிலேயே விழுந்து மாள்வதில் உச்சம் கொள்கிறது. வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது நடக்கும் படுகளம் இந்தச் சாவின் சடங்கு வடிவம். பத்தாம் வகுப்பை முடித்த ஒரு பிள்ளையின் வயதில் நாயகர்கள் செத்துப்போகும் கதை இளையோர் இலக்கியத்துக்கு வெளியே நிற்பது வியப்புக்குரியது.

ஆங்கிலத்தில் ஆர்தர் கதை இளையோரிடம் போய்ச் சேர்ந்த வழி இங்கே உதவும். தாமஸ் மாலரி தொகுத்து 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட நூலைச் சிட்னி லானியர் 1880இல் சிறுவர்களுக்காகச் சுருக்கினார். ஹோவர்ட் பைல் 1903 முதல் படங்களோடு மீண்டும் எழுதினார். கடுமையானதைக் களைந்து வீரத்தையும் ஒழுக்கத்தையும் மட்டும் மிச்சம் வைப்பது அக்கால முறை. மாலரியில் ஆர்தர், தன்னை அழிக்கப் பிறந்தவனைத் தீர்த்துக்கட்டுவதற்காக மே தினத்தில் பிறந்த பிள்ளைகளையெல்லாம் கப்பலேற்றிக் கடலில் விடுகிறான். இளையோர் பதிப்புகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதைத் தூக்கிவிட்டால் ஆர்தர் நல்ல அரசனாகிவிடுகிறான், கதையோ சப்பென்று ஆகிவிடுகிறது.

நம் கதையிலும் அப்படி ஒரு இடம் உண்டு. பெக் பதிந்த வடிவத்தில், அண்ணன்மார் மாண்டபின் தங்காள் அரண்மனைக்குத் தீ வைக்கிறாள். அண்ணன்மாருக்கு மணம் முடித்தும் கன்னியராகவே இருந்த மனைவியர் உள்ளே எரிந்துபோகிறார்கள். பிறகு அவள் காட்டில் அலைந்து உடல்களைக் கண்டுபிடித்துச் சற்று நேரம் உயிர்ப்பிக்கிறாள். இளையோர் பதிப்பு ஒன்றைத் தொகுக்கும் ஆசிரியர் முதலில் கத்தரி வைக்கும் இடம் இந்தத் தீயாகத்தான் இருக்கும். வைக்கக் கூடாது என்பேன். பதினாறு வயதுக்காரிக்கு விளங்காத செய்தி அதில் ஒன்றுமில்லை. அண்ணன்மாரின் நிழலில் வளர்ந்தவள் அவர்கள் போனபின் என்ன ஆகிறாள், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களை ஏன் கொல்கிறாள் என்பவை அவள் நேராகவே கேட்கக்கூடிய கேள்விகள்.

வெட்டுவதற்குப் பதிலாகச் சொல்பவரை மாற்றலாம். அண்மைய ஆங்கில மறுகூறல்கள் போன தடம் இதுதான். பிலிப் ரீவின் 2007ஆம் ஆண்டு நாவலில் ஆர்தர் ஒரு கொள்ளைத் தலைவன். அவனை மாவீரனாக்குவது ஒரு பாணன் கட்டிவிடும் கதைகள், அதைப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்பவள் ஒரு சிறுமி. டிரேசி டியோனின் 2020ஆம் ஆண்டு நாவல் இன்னும் கூர்மையானது. வட்ட மேசை வீரர்களின் வாரிசுகளென மார்தட்டும் கூட்டத்துக்குள் 16 வயதுக் கறுப்பினப் பெண் ஒருத்தி நுழைகிறாள். அடிமையாயிருந்த அவள் மூதாதை மீது எசமானன் இழைத்த வன்கொடுமை வழியே ஆர்தரின் வாரிசுரிமை அவளிடமே வந்திருப்பது பின்னர் தெரிகிறது. குலப்பெருமையின் அடியில் என்ன கிடக்கிறது என்று காட்ட இதைவிட வலுவான கதைமுடிச்சு எனக்குத் தெரிந்து இல்லை.

திருப்பூருக்கு இந்தத் தடம் ஏன் பொருந்துகிறது? இங்கே ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் கணிசமானோர் பனியன் கம்பெனி வேலைக்கென மதுரை, தேனிப் பக்கமிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பத்தார். அண்ணன்மார் அவர்களுக்குக் குலசாமி அல்லர். உள்ளூர்ப் பிள்ளைகளிலும் வேட்டுவர் வீட்டுப் பிள்ளை இக்கதையில் தன் முன்னோரை எதிரியாகத்தான் சந்திக்க வேண்டியிருக்கிறது. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவலோ, அதிலிருந்து தியாகராஜன் 2011இல் எடுத்த படமோ இந்த வாசகரை மனத்தில் வைத்தவை அல்ல. அவற்றுக்கு நாயகர் இருவர் போதும். பெக் முன்னின்று உருவாக்கிய 26 பகுதி அசைபடத் தொடர் பிள்ளைகளையும் எட்டப் பார்த்தது. கதையைக் காலவரிசையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பொறுமை அதற்கு உண்டு. ஆனால் அம்முறையில் கதை நிலம் பெற்றவர்களின் வரலாறாகவே நகர்கிறது.

தங்காள் வாயால் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும், மறுபாதி தீராது. அவளும் அரண்மனைக்காரி. அண்ணன்மாரின் பறையர் குலத் துணைவன் சாம்புகன் வழியே சொல்வது கடினமான தேர்வு. கதையில் அவனுக்கு அசுர பலம், விசுவாசம், அவ்வப்போது கோமாளித்தனம் எல்லாம் உண்டு. தனக்கென ஓர் ஆசை மட்டும் இல்லை. இளையோர் நாவலாசிரியர் அதைப் புதிதாகப் படைத்தாக வேண்டும். படைத்தால், எசமானர் செத்ததும் அவனும் ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் பதிப்பகங்கள் தயங்கும் என்று நினைக்கிறேன். கோயில் முறைமையும் சாதிச் சங்கங்களும் தொடர்ந்து உரிமை கொண்டாடும் ஒரு கதையில் இந்தத் தயக்கம் காரணமற்றதன்று. ஆர்தருக்கு இன்று படையல் போடுவார் யாருமில்லை என்பதால் ரீவுக்கும் டியோனுக்கும் கிடைத்த சுதந்திரம் கொங்கு எழுத்தாளருக்கு அப்படியே கிடைத்துவிடாது. கதையை மாற்றும் உரிமையை அவர் உடுக்கடிப் பாடகரிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஓலப்பாளையத்தின் இரண்டு வடிவங்கள் அதற்கான சான்றாவணம்.