நின்ற வண்டியும் நிற்காத நேரமும்: திருவண்ணாமலைச் சாலைத் தடைகளும் லாரி ஓட்டுநரின் வேலைநேரமும்

லாரி ஓட்டுநரின் வேலைநேர மீறலை ஆராய்ந்தவர்கள் அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தேடியிருக்கிறார்கள். ஒன்று, டிரிப் கணக்கில் தரப்படும் கூலியும் பேட்டாவும். மற்றொன்று, சட்டத்தை அமல்படுத்துவோரின் மெத்தனம். வண்டி நிறுத்த இடமில்லாத குறையைக் கழிப்பறை, குளியலறையோடு சேர்த்து ‘நலவசதி’ என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கிவிட்டார்கள். அந்த வகைப்பாடு சரியன்று என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. நிறுத்துமிடம் என்பது வேலைநேரத்தின் சட்ட வரையறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நிறுத்த இடமில்லாத ஊரில் ஓட்டுநருக்கு ஓய்வு தொடங்குவதே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்கத் திருவண்ணாமலை தக்க களம். கிருஷ்ணகிரி–திண்டிவனம் நெடுஞ்சாலையும் (எண் 77), வேலூரிலிருந்து விழுப்புரம் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் (எண் 38) இங்கே சந்திக்கின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு பகுதி செங்கம் சாலையிலேயே அமைகிறது. கார்த்திகை தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானோர் திரளும்போது கனரக வாகனங்களை ஊருக்கு வெளியே தடுப்பது தவிர்க்க முடியாதது. அந்நாள்களின் போக்குவரத்து அறிவிப்புகள் தற்காலிகப் பேருந்து நிலையங்களையும் கார் நிறுத்துமிடங்களையும் சாலைவாரியாகக் குறிப்பிடுகின்றன. சரக்கு லாரிக்குப் பெரும்பாலும் மாற்றுப்பாதை மட்டுமே சொல்லப்படுகிறது.

அத்தகைய நாளொன்றில், ஓசூரில் காலையில் லோடு ஏறுவதை உடனிருந்து பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குப் புறப்படும் ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செங்கத்தை நெருங்கும்போதே அவருடைய அன்றைய வேலைநேர வரம்பான எட்டு மணி நேரத்தில் பெரும்பகுதி கரைந்திருக்கும். சுற்றுப்பாதையில் போனால் வரம்பு தாண்டும். நின்றாலோ, சாலையோரத்தில் நின்று தார்ப்பாயையும் டீசல் டேங்கையும் காவல் காக்க வேண்டும். போலீஸ் கைகாட்டினால் வண்டியை நகர்த்த வேண்டும். இந்தக் காத்திருப்பு வேலையா, ஓய்வா?

ஓய்வே என்று கொள்வோர் சான்றாகக் காட்டுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91(5)ஆம் பிரிவை. வேலை எதுவும் செய்யாவிட்டாலும் ஓட்டுநர் வண்டியிலோ வண்டிக்கு அருகிலோ இருக்க வேண்டிய நேரத்தை, எந்தச் சூழ்நிலைகளில் ஓய்வு இடைவேளையாகக் கருதலாம் என்று மாநில அரசு விதி வகுக்க அது இடம் தருகிறது. இதை வைத்துக்கொண்டு, நின்ற வண்டியில் கழியும் நேரமெல்லாம் ஓய்வின் பக்கமே சேரும் என்று வாதிட்டு வந்திருக்கிறார்கள்.

பிரிவைத் தனியே படித்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் அது தனியே நிற்கும் பிரிவன்று. 91(1) வேலைநேரத்துக்கு 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தையே அளவுகோலாக்குகிறது. அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு, தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரம் முழுவதையும் வேலைநேரமாகக் கொள்கிறது. வண்டியின் ஓட்டம் தடைப்பட்ட நேரத்தை ஓட்ட நேரத்திலிருந்து கழிப்பதற்கும் அது நிபந்தனை விதிக்கிறது. தடை, விதியில் குறித்த கால அளவைத் தாண்ட வேண்டும். அந்த நேரத்தைத் தன் விருப்பம்போல் கழிக்கும் சுதந்திரம் தொழிலாளிக்கு இருக்க வேண்டும், அல்லது அவர் துணைவேலையில் ஈடுபட்டிருக்க வேண்டும். துணைவேலையும் வேலைநேரத்தில் சேர்வதால், நேரம் ஓய்வாக மாறும் வழி ஒன்றே ஒன்றுதான்: விருப்பம்போல் கழிக்கும் சுதந்திரம்.

வண்டியை விட்டு அகல முடியாதவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பாதுகாப்பாக நிறுத்த இடமிருந்தால் அவர் பூட்டிவிட்டுக் குளிக்கலாம், தூங்கலாம், கோயிலுக்கும் போய்வரலாம். இடமில்லாவிட்டால் அவரே வண்டியின் காவலாளி. எனவே நிறுத்துமிடம் இருப்பதும் இல்லாததும் நேரத்தின் சட்டத் தன்மையையே மாற்றிவிடுகிறது.

இந்தப் பின்னணியில் 91(5) எதிர்த்தரப்பின் வாதத்தையே பலவீனப்படுத்துகிறது. வண்டியருகே காத்திருப்பது இயல்பிலேயே ஓய்வானால், அதை ஓய்வாகக் கருதுவதற்குத் தனி அதிகாரம் எதற்கு? சட்டம் ஒன்றை இன்னொன்றாகக் கருதச் சொல்வது, உண்மையில் அது வேறாக இருப்பதால்தான். விதிவிலக்குக்கென வைத்த அதிகாரத்தைப் பொதுவிதியாக்குவது தலைகீழ் வாசிப்பு. மேலும் அப்பிரிவு பேசுவது இடைவேளையைப் பற்றி மட்டுமே. ஒருநாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்கும்வரை 1961 சட்டத்தின் 15ஆம் பிரிவு கோரும் தொடர்ச்சியான ஒன்பது மணி நேர ஓய்வை அதைக் கொண்டு நிரப்ப முடியாது. நீதிமன்றம் ஒன்று இதை வேறுவிதமாகக் கொள்ளக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இரு சட்டங்களையும் முரணின்றிச் சேர்த்துப் படிக்க இதைவிட நேரான வழி தென்படவில்லை.

தடையால் நேர்ந்த தாமதத்துக்கு விலக்கு உண்டே என்ற வாதமும் நிற்காது. 1961 சட்டத்தின் 13ஆம் பிரிவு, போக்குவரத்து தடைப்படும்போது எட்டு மணி நேர வரம்பைத் தளர்த்த இடம் தருவது உண்மை. ஆனால் அதே பிரிவு திருவிழாக் காலத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது: முன்கூட்டிய அறிவிப்பும் அதிகாரியின் ஒப்புதலும் வேண்டும், அப்போதும் நாளுக்குப் பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91(2) தரும் விலக்கோ அவசர நிலைகளுக்கும் முன்னறிய முடியாத தாமதங்களுக்கும் மட்டும் உரியது. பௌர்ணமி பஞ்சாங்கத்தில் அச்சாகி வருவது. அதை எதிர்பாராத இடையூறு என்று எந்த நிறுவனமும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஐந்து பேருக்குக் குறைவான சிறு உரிமையாளர்களை 1961 சட்டம் தொடாது என்பர். 91(1) அந்த எண்ணிக்கை வரம்பை வைக்கவில்லை. போக்குவரத்து வாகனத்தை இயக்க அமர்த்தப்பட்ட எவருக்கும் அது பொருந்தும். நேரத்தை அளக்க வழியில்லை என்பது அதைவிடப் பலவீனமான மறுப்பு. ஃபாஸ்டேக் டோல்கேட்டைக் கடந்த நிமிடத்தைச் சொல்கிறது. இ-வே பில் 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒருநாள் என்று சரக்கின் ஆயுளைக் கணக்கிடுகிறது. சரக்கின் நேரத்தை அளக்கத் தெரிந்த அரசுக்கு ஓட்டுநரின் நேரத்தை அளக்கவும் தெரியும். 1961 சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் கரைந்ததாலும் வாதம் காலாவதியாகாது; 1897ஆம் ஆண்டு பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு பழைய சட்டத்துக்கான சுட்டுகளைப் புதியதற்கு மாற்றித் தருகிறது.

வேறு நாட்டுச் சட்டங்கள் இத்தொடர்பை வெளிப்படையாகவே ஏற்றிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு 561ஆம் ஒழுங்குவிதி, சாலைப் பாதுகாப்புக்குக் கேடில்லாதவரை, தகுந்த நிறுத்துமிடத்தை அடைவதற்காக ஓட்டுநேர வரம்பிலிருந்து விலக 12ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. அதையே இங்கு பெயர்த்து நடுவதில் பயனில்லை. சென்றடைய ஓர் இடம் இருக்கிறது என்பது அதன் முன்னெண்ணம்.

இங்கே தீர்வு நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. வாகனங்களைத் தடுக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவில். உள்ளாட்சியைக் கலந்து நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரம் 117இல். தீபத்தின்போது பேருந்துக்கும் காருக்கும் தடையும் இடமும் சேர்ந்தே வருகின்றன. லாரிக்குத் தடை மட்டும் வருகிறது. செங்கம், போளூர், செஞ்சி, விழுப்புரம் திசைகளில் தடை தொடங்கும் இடத்துக்கு முன்பே காவலுள்ள லாரி நிறுத்துமிடத்தைக் குறிப்பிடாத உத்தரவு, ஓட்டுநரின் வேலைநேரத்தை நீட்டும் உத்தரவாகவே கொள்ளப்பட வேண்டும். அப்படித் தடுக்கப்பட்ட இரவில் கழிந்த மணிகளை ஓய்வுக் கணக்கில் எழுத உரிமையாளருக்கு உரிமையில்லை. விடிந்ததும் அந்த ஓட்டுநரை ஸ்டியரிங்கில் உட்காரவைப்பது 1961 சட்டத்தின் 15ஆம் பிரிவை மீறிய செயல்.