நீரிழிவும் சிறுநீரகமும்: ஒரு பத்தியத்தின் வரலாறு

சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்றதும், பருப்பையும் முட்டையையும் பாலையும் அறவே விலக்கிவிடும் வழக்கம் நம்மவரிடையே பரவியுள்ளது. இப்பத்தியம் எங்கிருந்து வந்தது, அதன் எல்லை யாது என்பதை நாம் அறிவது நலம்.

கிரேக்க மருத்துவர் காலென் நீரிழிவைச் சிறுநீரகத்தின் நோயாகவே கருதினார். அரபு மருத்துவ மேதைகளும் அவ்வழி நின்றனர். இப்னு சீனா (980–1037) இந்நோய்க்கு வழங்கிய பெயர்களுள் 'தூலாப்' என்பதனையும் குறிக்கிறார். நீர் இறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். பருகிய நீர் உடலில் தங்காது ஓயாமல் வெளியேறுவதை எத்துணை அழகாக அச்சொல் உணர்த்துகிறது! அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231) இந்நோய் பற்றித் தனி நூலே யாத்தார்.

1889இல் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் கணையத்தை அகற்றினால் நீரிழிவு தோன்றும் எனக் கண்டனர். 1936இல் கிம்மெல்ஸ்டீல், வில்சன் இருவரும் நீரிழிவால் சிறுநீரகத்தில் உண்டாகும் சிதைவை விளக்கினர். ஆக, முன்னோர் காரணமென எண்ணிய சிறுநீரகம், நோய்க்கு இரையாகும் உறுப்பு என்பது தெளிவாயிற்று.

இதனிடையே உணவுமுறையும் மாறியது. 1797இல் ஜான் ரோலோ நீரிழிவுக்குப் புலால் உணவையே மருந்தாக விதித்தார். 1921இல் இன்சுலின் கண்டறியப்பட்டபின் அக்கடுமை தளர்ந்தது. 1982இல் பிரென்னரும் அவர்தம் குழுவினரும், மிகுந்த புரதம் சிறுநீரக வடிகட்டிகளின் அழுத்தத்தைக் கூட்டி அவற்றை நலிவிக்கும் என்றனர். முன்பு புலாலைக் கூட்டச் சொன்ன மருத்துவம், இப்போது குறைக்கச் சொன்னது. எனினும் 1994இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் புரதக் குறைப்பின் பயன் சிறிதாகவே தென்பட்டது. இன்சுலின் தேவைப்படும் நீரிழிவாளர் அவ்வாய்வில் சேர்க்கப்படவும் இல்லை.

தமிழகத்தில் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் மு. விசுவநாதன். பின்னாளில் டாக்டர் எம்.கே. மணி வழிகாட்டிய சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், ஏறத்தாழ 25,000 கிராம மக்களிடையே சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, விலை குறைந்த மருந்துகளால் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அடக்கலாம் எனக் காட்டியது. சிறுநீரகக் காவலில் முதலிடம் இவ்விரண்டுக்கே. புரதத்தின் அளவு அதன்பின் வருவது.

அவ்வளவுதான் எவ்வளவு? 2022இல் வெளியான உலகளாவிய வழிகாட்டுதல், நீரிழிவோடு சிறுநீரக நோயும் உடையவர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 48 கிராம். 300 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால் ஆகியன சேர்ந்தாலும் 45 கிராம் அளவே வரும். தறியும் வயலும் வாழ்வளிக்கும் நம் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் எத்தனை இல்லங்களில் நாள்தோறும் இவ்வளவு கிட்டும்? விருந்துகளில் கறியை அளவின்றி உண்போர் குறைத்துக்கொள்ளட்டும். சோற்றோடும் குழம்போடும் நாள் கழிப்பவர் பருப்பையும் விலக்கினால் தசை கரைந்து உடல் நலியும். டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கோ கிலோ ஒன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை. அவர்கள் குறைப்பது தீங்கே.

ஆகவே அன்பர்களே, பிறர் பத்தியத்தை நம் பத்தியமாக்க வேண்டாம். சிறுநீரில் புரதம் கசிகிறதா என ஆண்டுதோறும் சோதித்து, மருத்துவர் வகுக்கும் அளவில் நிற்போமாக!