பிரீமேசன் லாட்ஜ்: இந்தியாவில் உறுப்பினர் சேர்க்கையும் தோழமையும்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் உயர்ந்த தூண்களோடு நிற்கும் தமிழ்நாடு காவல்துறைத் தலைமையகம், முதலில் காவல்துறைக்காகக் கட்டப்பட்டது அன்று. 1839-ஆம் ஆண்டில் 'பெர்பெக்ட் யுனானிமிட்டி' என்னும் பிரீமேசன் லாட்ஜின் கூடமாக அது எழுப்பப்பட்டது. 1865-இல் காவல்துறை அதை வாடகைக்கு எடுத்தது; 1874-இல் 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிவிட்டது. லாட்ஜின் பெயருக்கு 'முழுமையான ஒருமனம்' என்பது பொருள்.

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்று அழைத்துக்கொள்ளும் இந்த அமைப்பு, ஐரோப்பியர்களோடு இந்தியாவுக்கு வந்தது. ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒரே ஊரில் வாழ்ந்த நாட்டில் அந்தச் சொல் யார் யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 100 ஆண்டுகளில் கிடைத்த விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

தமிழில் லாட்ஜ் என்றதும் தங்கும் விடுதியே நினைவுக்கு வரும். இங்கே அச்சொல்லின் பொருள் வேறு. இடைக்கால ஐரோப்பாவில் பேராலயங்களைக் கட்டிய கற்கொத்தர்கள் வேலையிடத்தின் அருகே கொட்டகை அமைத்துக்கொள்வர். கருவிகளை வைக்கவும், உண்ணவும், இளைப்பாறவும் அது பயன்பட்டது. அந்தக் கொட்டகைக்கே லாட்ஜ் என்று பெயர். காலப்போக்கில் கொத்து வேலை செய்யாத நிலக்கிழார்களும் அறிஞர்களும் இந்தச் சங்கங்களில் சேர்ந்தனர். கட்டடத் தொழில் மறைந்து, அதன் கருவிகள் மட்டும் அடையாளங்களாக எஞ்சின.

நம் ஊர்க் கொத்தனாரின் பையில் இருக்கும் கருவிகளே இவர்களுடைய சின்னங்கள். மூலைமட்டம் நேர்மையான நடத்தையைக் குறிக்கும். கவராயம் ஆசைக்கு எல்லை வகுப்பதைக் குறிக்கும். தூக்குக்குண்டு நிமிர்ந்த ஒழுக்கத்தையும், மட்டம் பார்க்கும் கருவி மனிதர் அனைவரும் சமம் என்பதையும் குறிக்கும்.

லண்டனின் நான்கு லாட்ஜுகள் 1717-இல் ஒன்றுகூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது மரபான செய்தி. 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் வெளிவந்தது. எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் சமயமே உறுப்பினருக்குப் போதும், தனிப்பட்ட நம்பிக்கைகளை அவரவரிடமே விட்டுவிடலாம் என்று அது வகுத்தது. சமயப் போர்களால் களைத்திருந்த ஐரோப்பாவில் இது துணிச்சலான விதி. இந்த விதியின் துணையோடுதான் பின்னாளில் இந்தியர்கள் கதவைத் தட்டினர்.

உறுப்பினராகும் முறை

விரும்பியவர் எல்லாம் நேரே போய்ச் சேர்ந்துவிட முடியாது. ஏற்கெனவே உறுப்பினராக உள்ள ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய வேண்டும். விண்ணப்பிப்பவர் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும்; ஆங்கில முறையில் அக்காலத்தில் 21 வயது நிறைந்திருக்க வேண்டியிருந்தது. பரம்பொருள் ஒன்று உண்டு என்ற நம்பிக்கையும் கட்டாயம். அதன்பின் இரகசிய வாக்கெடுப்பு நடக்கும். ஏற்பவர் வெள்ளை உருண்டையையும் மறுப்பவர் கறுப்பு உருண்டையையும் பெட்டியில் இடுவர். பெரும்பான்மை இங்கே கணக்கில்லை. கறுப்பு உருண்டைகள் சில விழுந்தாலே விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

இந்த முறைக்கு ஒரு காரணம் உண்டு. சிறிய கூட்டத்தில் மனக்கசப்போடு ஒருவரைச் சேர்த்தால் தோழமை கெடும் என்று அவர்கள் கருதினர். ஆனால், மறைந்திருந்து வெறுப்பைக் காட்டுவதற்கும் இதே முறை இடம் கொடுத்தது.

சேர்ந்தவர் மூன்று படிகளைக் கடக்கிறார். முதற்படியில் அவர் தொழில் பழகுநர். இரண்டாவதில் தேர்ந்த தொழிலாளி. மூன்றாவதில் மாஸ்டர் மேசன். ஒவ்வொரு படிக்கும் நாடகம் போன்ற சடங்கு உண்டு. வசனங்களை உறுப்பினர்கள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். புதியவருக்கு ஆட்டுக்குட்டித் தோலால் ஆன வெள்ளை ஏப்ரன் அணிவிக்கப்படும். பிரபுவானாலும் எழுத்தரானாலும் கூடத்துக்குள் தொழிலாளியின் உடைதான்.

பங்கேற்பும் பொறுப்புகளும்

லாட்ஜின் தலைவர் 'வொர்ஷிப்புல் மாஸ்டர்' எனப்படுவார். அவருக்குத் துணையாக இரண்டு வார்டன்கள், செயலர், பொருளாளர், உதவி தேவைப்படும் குடும்பங்களைக் கவனிப்பவர் ஆகியோர் இருப்பர். கதவுக்கு உள்ளே ஒரு காவலரும் வெளியே 'டைலர்' என்னும் காவலரும் நிற்பர். தலைவர் பதவி வழக்கமாக ஓராண்டுக்கு. கீழ்ப் பொறுப்பில் தொடங்கியவர் ஆண்டுதோறும் ஒரு படி உயர்ந்து தலைவர் நாற்காலிக்கு வருவார். தலைவராக இருந்தவர் மறு ஆண்டு மற்றவர்களோடு பக்கத்தில் அமர்ந்துவிடுவார். பதவி ஒருவரிடமே தேங்காமல் சுழல்வதால் பலருக்கும் பேசவும், கூட்டம் நடத்தவும், கணக்கு எழுதவும் பயிற்சி கிடைத்தது.

கூட்டத்தில் அரசியல் பேசக்கூடாது. சமய விவாதமும் கூடாது. சடங்கு முடிந்தபின் சேர்ந்து உண்பது வழக்கம். அந்த விருந்தில் வாழ்த்துரைகள் உண்டு. வர இயலாத சகோதரர்களையும் நினைவுகூர்வர். இறந்த உறுப்பினரின் மனைவி மக்களுக்கு உதவுவது லாட்ஜின் கடமைகளில் ஒன்று. வெளியூர் செல்லும் உறுப்பினர் அங்குள்ள லாட்ஜுக்குச் சென்றால் அறிமுகமில்லாத ஊரிலும் அவருக்கு நண்பர்கள் கிடைப்பர். கப்பலேறி வந்து நாடு விட்டு நாடு மாறிய அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் இது பெரிய ஆறுதலாக இருந்தது.

திருச்சிராப்பள்ளியில் ஒரு தொடக்கம்

இந்தியாவில் முதல் லாட்ஜ் 1730-ஐ ஒட்டிக் கல்கத்தாவில் தோன்றியது. 1750-களில் சென்னையிலும் பம்பாயிலும் லாட்ஜுகள் ஏற்பட்டன. உறுப்பினர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்கள், படைவீரர்கள், வணிகர்கள், எல்லாரும் ஐரோப்பியர்.

இந்தியர் ஒருவர் சேர்ந்த தொடக்ககால நிகழ்ச்சி தமிழ்நாட்டில்தான் நடந்தது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா, 1770-களின் நடுவில் திருச்சிராப்பள்ளியில் பிரீமேசனாக்கப்பட்டார். செய்தி லண்டனை அடைந்ததும் கிராண்ட் லாட்ஜ் அவருக்கு வாழ்த்துமடலையும், ஏப்ரனையும், அழகாகக் கட்டமைத்த விதிநூலையும் அனுப்பியது. அவர் பாரசீக மொழியில் நன்றி மடல் எழுதினார்.

அவர் 1795-இல் நவாப் ஆனார், 1801-இல் இறந்தார். அவர் இறந்த உடனேயே, திப்பு சுல்தானோடு இரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டிக் கர்நாடகப் பகுதியின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. லாட்ஜில் கிடைத்த சகோதரப் பட்டம் அரசியலில் எதையும் காப்பாற்றவில்லை. இளவரசரைச் சேர்த்துக்கொள்வது ஆட்சியாளர்களுக்கு எளிது. சாதாரண இந்தியரை அருகில் அமர்த்துவது வேறு செய்தி.

பம்பாயில் மறுப்பும் புதிய லாட்ஜும்

மானக்ஜி கர்செட்ஜி பம்பாயின் பார்சி சமூகத்தைச் சேர்ந்தவர். ஆங்கிலம் நன்கு கற்றவர். பின்னாளில் நீதிபதியாகவும் பெண்கல்வியின் முன்னோடியாகவும் பெயர் பெற்றவர். அவர் பம்பாயில் லாட்ஜில் சேர முயன்றபோது ஏற்கப்படவில்லை. இங்கிலாந்து சென்றபோதும் கதவு திறக்கவில்லை. கடைசியில் பாரிஸ் நகரின் ஒரு லாட்ஜ் அவரை ஏற்றுக்கொண்டது. முறைப்படி பிரீமேசன் ஆகிவிட்டதால் இனித் தடையிருக்காது என்று எண்ணி, ஊர் திரும்பியதும் பம்பாய் லாட்ஜில் இடம் கேட்டார். அப்போதும் கிடைக்கவில்லை. பாரிஸில் சகோதரராக இருந்தவர் பிறந்த ஊரில் அந்நியரானார்.

அப்போது மேற்கிந்தியாவில் ஸ்காட்லாந்து முறை லாட்ஜுகளின் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் மருத்துவர். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் உறவினர் இவர். 1841 நவம்பரில் காபூலில் நடந்த கலவரத்தில் இவருடைய தம்பியர் அலெக்சாந்தரும் சார்லசும் கொல்லப்பட்டிருந்தனர். அந்தத் துயரம் நடந்து இரண்டே ஆண்டில், 1843 டிசம்பரில், இந்தியர்களுக்கும் இடமளிக்கும் 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' லாட்ஜைப் பம்பாயில் அவர் நிறுவினார். மானக்ஜிக்கும் அங்கே இடம் கிடைத்தது. பார்சிகளும் முஸ்லிம்களும் சேர்ந்தனர்.

நீண்டகாலப் பங்கேற்புக்கு இந்த லாட்ஜில் சேர்ந்த கே. ஆர். காமா நல்ல எடுத்துக்காட்டு. பார்சி சமய நூல்களை ஆராய்ந்த அறிஞரான இவர், 1850-களில் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் உறுப்பினராக இருந்தார். அதைப் போற்றும் பொன்விழா மலர் 1907-இல் வெளியிடப்பட்டது. கல்விப் பணியையும் சமூகச் சீர்திருத்தத்தையும் முன்னெடுத்தவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமாக லாட்ஜ் அமைந்தது.

கல்கத்தாவில் ஒன்பது ஆண்டுப் போராட்டம்

பார்சிகளும் முஸ்லிம்களும் ஒரே கடவுளை வணங்குவோர் என்று ஏற்ற ஐரோப்பிய உறுப்பினர்களில் பலர், இந்துக்களை ஏற்கத் தயங்கினர். பல தெய்வங்களை வணங்குபவர் பரம்பொருளின் பெயரால் உறுதிமொழி எடுக்க முடியுமா, சாதி பார்ப்பவர் எல்லாரையும் சகோதரராகக் கருதுவாரா என்பன அவர்களுடைய கேள்விகள். இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், நிறத்தைக் காரணமாக்கிக் கதவடைத்தவர்கள் அதைக் கேட்டதுதான் விந்தை.

கல்கத்தா வணிகர் பிரசன்ன குமார் தத் 1863-இல் விண்ணப்பித்தார். வங்காளத் தலைமை மறுத்தது. அவர் விடவில்லை, வழக்கு லண்டன்வரை சென்றது. நம்பிக்கையின் வடிவம் எதுவானாலும் பரம்பொருளை ஏற்பவருக்குத் தடையில்லை என்ற பழைய விதியே அவருக்குத் துணையானது. 1872-இல் அவர் சேர்க்கப்பட்டார். வழி திறந்தபின் படித்த இளைஞர் பலர் வந்தனர். பின்னாளில் சுவாமி விவேகானந்தர் ஆன நரேந்திரநாத் தத்தும் 1884 பிப்ரவரியில் கல்கத்தாவின் 'ஆங்கர் அண்ட் ஹோப்' லாட்ஜில் சேர்ந்து, அந்த ஆண்டு மே மாதத்துக்குள் மூன்று படிகளையும் கடந்தார்.

லாகூரில் ஒரே கூடம், தனித்தனி உணவு

லாகூரின் 'ஹோப் அண்ட் பெர்சிவரன்ஸ்' லாட்ஜ் 1886-இல் ஓர் இளம் பத்திரிகையாளரைச் சேர்த்தது. அவர் ருட்யார்ட் கிப்ளிங். வயது 20-தான், ஆனாலும் எழுதத் தெரிந்த செயலர் ஒருவர் தேவைப்பட்டதால் சிறப்பு அனுமதி பெற்றுச் சேர்த்துக்கொண்டனர். அவர் செயலராகி உறுப்பினர்களிடையே கட்டுரைகளும் படித்தார். ஓவிய ஆசிரியரான அவருடைய தந்தை கூடத்தின் வெற்றுச் சுவர்களை அழகுபடுத்த யோசனை கூறினார். முஸ்லிம்கள், இந்துக்கள், சீக்கியர்கள், ஆரிய சமாஜத்தார், பிரம்ம சமாஜத்தார், டைலராக இருந்த யூதர் ஆகியோரை அங்கே சந்தித்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் கிப்ளிங் நினைவுகூர்கிறார்.

அவர் எழுதிய 'தி மதர் லாட்ஜ்' என்னும் கவிதை அந்த நினைவில் பிறந்தது. சாதிக் கட்டுப்பாட்டை மீறும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்பதால் அங்கே விருந்து வைப்பதில்லை என்று அக்கவிதை சொல்கிறது. சேர்ந்து உண்பதையே தோழமையின் அடையாளமாகக் கொண்ட அமைப்பு, இந்தியாவில் உண்ணாமலேயே தோழமை வளர்க்கப் பழகியது. உணவுக்குப் பதில் பேச்சு நிரவியது. கூடத்துக்கு வெளியே வணக்கம் வைக்க வேண்டியவர் யார், வாங்கிக்கொள்பவர் யார் என்பதில் மாற்றமில்லை. உள்ளே மட்டும் அனைவரும் ஒரே மட்டம்.

இதே கிப்ளிங்தான் 1899-இல் பேரரசைப் புகழ்ந்து, வெள்ளையரின் சுமை என்று பாடினார். லாட்ஜில் பழகிய சமத்துவத்தை ஆட்சிக்கும் பொருத்திப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின்னரும் இந்திய லாட்ஜுகள் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜுகளின் கீழ் இயங்கின. 1961 நவம்பர் 24 அன்று கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா புது டெல்லியில் தொடங்கப்பட்டது. ராம்பூர் நவாப் ரசா அலி கான் அதன் முதல் தலைவர். சேர்வதா, பழைய தலைமையிலேயே இருப்பதா என்பதை ஒவ்வொரு லாட்ஜும் தானே முடிவு செய்தது. பகவத் கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த் சாகிப், சென்ட் அவெஸ்தா ஆகிய ஐந்து நூல்களுக்கும் அதில் இடம் உண்டு; உறுப்பினர் தம் சமய நூலின்மீது உறுதிமொழி எடுக்கலாம். சென்னையில் எழும்பூர் எத்திராஜ் சாலையில் உள்ள பிரீமேசன் கூடத்தில் இன்றும் லாட்ஜுகள் கூடுகின்றன.

மதிப்பீடு

இந்த அமைப்பைப் பற்றிய வதந்திகள் ஏராளம். இரகசியச் சடங்குகளால் ஐயம் எழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1738-இலேயே தன் மக்கள் சேரக்கூடாது என்று தடை விதித்தது. உலகையே மறைவில் ஆள்கிறார்கள் என்ற கதைகளுக்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் உண்மையான குறைகளும் உண்டு. சந்தாவும் நுழைவுக் கட்டணமும் ஏழைகளைத் தடுத்தன. கொத்தனாரின் கருவிகளைப் போற்றிய கூடத்துக்குள் கொத்தனார் வந்ததில்லை. பெண்களுக்கும் இந்த லாட்ஜுகளில் இடமில்லை.

ஆயினும் இந்திய லாட்ஜுகளின் வரலாறு மாணவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. சமத்துவம் 1723-லேயே விதிநூலில் எழுதப்பட்டுவிட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள், மறுக்கப்பட்டும் விடாமல் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்த மானக்ஜியும் பிரசன்ன குமாரும், உள்ளேயிருந்து கதவைத் திறந்த ஜேம்ஸ் பர்ன்ஸ் போன்ற சிலரும்தாம்.