பெர்சோனா (1966): இரண்டு பெண்களா, ஒரே பெண்ணா?

பெர்சோனா என்பது சுவீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் எழுதி இயக்கிய கறுப்பு வெள்ளைத் திரைப்படம். 1966 அக்டோபரில் வெளிவந்தது. ஏறக்குறைய 84 நிமிடங்கள் ஓடும் இப்படத்தின் பெரும்பகுதியில் இரண்டு பெண்கள் மட்டுமே வருகின்றனர். அவர்கள் உண்மையில் இருவர்தானா, அல்லது ஒருத்தியின் பிளவுபட்ட ஆளுமைகளா என்ற கேள்வி இன்றும் விவாதிக்கப்படுகிறது.

எலிசபெத் வோக்ளர் புகழ்பெற்ற நடிகை. எலெக்ட்ரா நாடகத்தில் நடித்துக்கொண்டிருக்கும்போது திடீரெனப் பேச்சற்று நிற்கிறாள்; பிறகு பேசுவதையே விட்டுவிடுகிறாள். நோய் எதுவும் இல்லை என்கிறார் மருத்துவர். ஆல்மா என்ற இளம் செவிலியின் துணையோடு அவள் கடலோர வீடு ஒன்றுக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே ஒருத்தி வாய் திறப்பதில்லை. மற்றவளோ யாரிடமும் சொல்லாத தன் வாழ்க்கை இரகசியங்களை எல்லாம் கொட்டித் தீர்க்கிறாள்.

1965இல் நுரையீரல் நோயால் மருத்துவமனையில் படுத்திருந்தபோது பெர்க்மன் இக்கதையை எழுதினார். நடிகைகள் பீபி ஆண்டர்சன், லிவ் உல்மன் இருவருக்கும் இடையே இருந்த முகச்சாயல் அவர் மனத்தில் தங்கியிருந்தது. அதுவே படத்தின் விதை. பால்டிக் கடலிலுள்ள ஃபாரோ தீவில் பெரும்பகுதி படமாக்கப்பட்டது.

தலைப்பே ஒரு குறிப்பைத் தருகிறது. இலத்தீனில் ‘பெர்சோனா’ என்றால் நாடக முகமூடி. உளவியலாளர் கார்ல் யுங், மனிதன் உலகுக்குக் காட்டும் முகத்துக்கு இப்பெயரை வைத்தார். ‘ஆல்மா’ என்பதற்கு ஸ்பானிய மொழியில் உயிர், ஆன்மா என்று பொருள். (நம் ‘ஆன்மா’வோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே.) ஆக, முகமூடி ஒருத்தி, உள்ளிருக்கும் உயிர் மற்றொருத்தி என்று படிக்க இடமிருக்கிறது.

காட்சிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. எலிசபெத்தின் கணவன் வரும்போது ஆல்மாவையே மனைவி என்று எண்ணிப் பேசுகிறான். மனைவி அருகிலேயே நிற்கிறாள். கருவைக் கலைத்ததை ஆல்மா முன்பு சொல்லியிருக்கிறாள். எலிசபெத்தோ விரும்பாத குழந்தையைப் பெற்று, அதன் அன்பைத் தாங்க முடியாமல் தவிப்பவள். இரண்டையும் ஒரே மனத்தின் இரு நிலைகளாகக் கொண்டால் கதை நன்றாகவே பொருந்துகிறது. இந்தத் தாய்மை பற்றிய நீண்ட பேச்சு படத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை கேட்பவளின் முகத்தையும், மறுமுறை அதே சொற்களுக்குப் பேசுபவளின் முகத்தையும் ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்டின் கேமரா காட்டுகிறது. முடிவில் இரு பாதி முகங்களும் ஒட்டி ஒரே முகமாகின்றன. அந்தப் படத்துண்டை முதலில் பார்த்த நடிகைகள் இருவருமே அது மற்றவருடைய முகம் என்று நினைத்தார்களாம்.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளவுபட்ட ஆளுமை வேறு, மனச்சிதைவு நோய் வேறு. ஒருவருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் இருக்கும் நிலைக்கு அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1994இல் ‘பல்லாளுமைக் கோளாறு’ என்ற பழைய பெயரை மாற்றிப் புதுப்பெயர் தந்தது. 1957இல் வந்த ‘ஏவாளின் மூன்று முகங்கள்’ என்ற அமெரிக்கப் படம் அப்படியொரு நோயாளியின் கதையைச் சொல்லி, மருத்துவர் வாயாலேயே விளக்கமும் தந்தது. பெர்க்மன் அந்த வழியில் போகவில்லை. அவருடைய மருத்துவர் இருவரையும் தனித்தனி ஆட்களாகவே நடத்துகிறார். எலிசபெத்தின் மௌனமும் அவள் ஏற்ற இன்னொரு வேடந்தான் என்று அவளிடமே சொல்லிவிடுகிறார்.

‘இருவரும் ஒருத்தியே’ என்ற விளக்கம் மறைத்துவிடும் ஒரு காட்சியும் உண்டு. எலிசபெத் மருத்துவருக்கு எழுதிய கடிதம் ஒட்டப்படாமல் இருக்கிறது. அஞ்சலில் சேர்க்கப் போகும் ஆல்மா அதைப் படித்துவிடுகிறாள். தான் நம்பிச் சொன்ன அந்தரங்கங்கள் அதில் வேடிக்கையாக எழுதப்பட்டிருக்கின்றன. இவளைக் கவனித்துப் படிப்பது சுவையாக இருக்கிறது என்ற தொனி வேறு. அதன் பிறகுதான் ஆல்மா உடைந்த கண்ணாடித் துண்டை எலிசபெத் நடக்கும் வழியில் எடுக்காமல் விட்டுவைக்கிறாள். எலிசபெத்தின் காலில் அது குத்தியதும் திரையில் பிலிமே கிழிந்து எரிவதுபோல் காட்டப்படுகிறது. இருவரும் ஒருத்தியே என்றால் இங்கே ஏமாந்தவர் யாருமில்லை. ஒரு மனம் தன்னையே ஆராய்கிறது, அவ்வளவுதான். இருவர் என்றால், சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு பெண்ணின் துயரத்தைப் பெயர்பெற்ற கலைஞர் ஒருவர் தன் தொழிலுக்குச் சரக்காக்கிக்கொள்கிறார். பெர்க்மன் தன்னைப் போன்ற கலைஞர்கள் மீது வைத்த குற்றச்சாட்டாகவே இதைக் கொள்ளலாம். ஆளுமைப் பிளவு என்று மட்டும் சொல்லி முடித்தால் இந்தக் குற்றச்சாட்டு காணாமல் போகிறது.

கொதிநீரை முகத்தில் ஊற்றிவிடுவதாக ஆல்மா மிரட்டும்போது எலிசபெத் அலறித் தடுக்கிறாள். தன் உடலுக்கு வந்த ஆபத்தைக் கண்டு ஒருத்தி போடும் கூச்சல் அது. இதையும் ஒரே மனத்துக்குள் நடப்பதாகக் காட்டுவது கடினம்.

படத்தின் கடைசிப் பகுதி இரு தரப்புக்கும் முழுமையாகத் துணை வரவில்லை. ஆல்மா வீட்டை ஒழுங்குபடுத்தி, பெட்டியை எடுத்துக்கொண்டு, செவிலி உடையில் தனியாகப் பேருந்தில் ஏறுகிறாள். எலிசபெத் எப்படிப் போனாள் என்பது காட்டப்படுவதில்லை. எலெக்ட்ரா வேடத்தில் அவள் முகம் மட்டும் ஒரு கணம் தோன்றுகிறது. பேருந்து புறப்படுகிறது. தொடக்கத்தில் வந்த சிறுவன் மீண்டும் வந்து, திரையில் மங்கலாகத் தெரியும் பெண் முகத்தைத் தடவிப் பார்க்கிறான். பிறகு புரொஜெக்டர் விளக்கு அணைகிறது.