ஆறு கப்பல், ரெண்டாயிரம் டன்

தஞ்சாவூர்க்காரன்னு சொன்னா அடுத்த கேள்வி "எத்தனை ஏக்கர் நெலம் இருக்கு?"ங்கறதுதான். டெல்டாவுக்குக் கடலும் உண்டுங்கறது வெளியூர்க்காரங்க நெறைய பேருக்கு 2004 சுனாமி அப்பதான் உறைச்சிருக்கும். 1991 வரைக்கும் நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி எல்லாமே தஞ்சாவூர் ஜில்லாதான். பிரிச்சதுக்கப்புறமும் அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம்னு ஒரு துண்டுக் கடற்கரை நமக்கு மிச்சம் இருக்கு.

இந்தப் பதிவு நெல்லைப் பத்தி இல்லை, மீன் பிடிக்கிற பெர்மிட்டைப் பத்தி. அதுலயும் ஆழ்கடல் சங்கரா, செப்பிலி, கலவா மாதிரி மீனுங்க கிடைக்கிற எடத்துக்கு யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்குன்னு அனுமதி எழுதுன கதை. போரடிக்கிற சமாச்சாரம்னு தோணும். ஆனா கச்சத்தீவுன்னா பின்னூட்டத்துல சண்டைக்கு வர்ற நம்ம மக்கள் யாரும் அந்தக் கதைக்குள்ள இருக்குற இந்தக் கிளைக்கதையப் பேசிப் பார்த்ததில்லை.

மொதல்ல எடம். கன்னியாகுமரிக்குத் தெக்கால கடலுக்கு அடியில ஒரு பெரிய மேடு இருக்கு. வாட்ஜ் திட்டுன்னு பேரு. சுமார் பத்தாயிரம் சதுர கிலோமீட்டர். சுத்தி ஆழம், நடுவுல மேடு, பாறை, நல்ல நீரோட்டம். மீன் கூடுறதுக்கு இதைவிட என்ன வேணும்? இந்தத் திட்டு நம்ம கரைக்குத்தான் பக்கம். ஆனா இதை மொதல்ல இழுவைக் கப்பல் வச்சுத் தொழிலா நடத்துனது கொழும்புக்காரங்க. 1928லயே 'புல்புல்'னு ஒரு டிராலர் அங்கேர்ந்து வந்து பிடிச்சிட்டுப் போயிருக்கு. சுதந்திரத்துக்கு அப்புறமும் இலங்கை அரசாங்கத்தோட டிராலருங்க தொடர்ந்து வந்தன. நம்ம பக்கம் இந்தோ-நார்வே திட்டத்தோட 'வருணா' கப்பல் 1960கள்ல தென்மேற்குக் கடல்ல சுத்தி, கரையோர வலைக்கு எட்டாத ஆழத்துல கலவாவும் செப்பிலி வகையும் கூட்டமா இருக்குன்னு பதிவு பண்ணுச்சு.

அந்தக் காலத்துல கரையிலேர்ந்து கொஞ்ச தூரம் தாண்டிட்டா கடல் யாருக்கும் சொந்தமில்லை. அதனால பெர்மிட்டே தேவைப்படலை. 1970கள்ல உலகம் பூரா இருநூறு கடல் மைல் வரைக்கும் எங்களுதுன்னு நாடுங்க கோடு போட ஆரம்பிச்சப்பதான் சிக்கல். இந்தியா 1976ல கடல் எல்லைச் சட்டம் கொண்டு வந்துச்சு, 1977 ஜனவரி 15லேர்ந்து பிரத்யேகப் பொருளாதார மண்டலம் நடைமுறைக்கு வந்துச்சு. வாட்ஜ் திட்டு கோட்டுக்கு இந்தப் பக்கம். அப்ப அம்பது வருஷமா அங்க பிடிச்சிட்டிருந்த கொழும்புக் கப்பலுங்க என்ன ஆகும்?

பதில் 1976 மார்ச் 23ல வந்துச்சு. மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லை ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாள்ல இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கை வெளியுறவுச் செயலர் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் ஒரு கடிதம் பரிமாறிக்கிட்டாங்க. அதுல வாட்ஜ் திட்டுக்குன்னு தனியா ஒரு பெர்மிட் இருக்கு. என்னோட வார்த்தையில சொல்றேன்.

இந்தியா மண்டலத்தை அறிவிச்ச நாள்லேர்ந்து மூணு வருஷம் இலங்கைக் கப்பலுங்க பிடிக்கலாம். ஆறு கப்பலுக்கு மேல கூடாது. எல்லாம் சேந்து ஒரு வருஷத்துக்கு ரெண்டாயிரம் டன்னுக்கு மேல போகக்கூடாது. லைசென்ஸ் குடுக்குறதும் கட்டணம் நிர்ணயிக்கிறதும் சோதனை போடுறதும் இந்தியா. கப்பல் இலங்கை அரசாங்கத்தோடதா, இல்ல இலங்கைக் கம்பெனி, இலங்கைக் குடிமக்களோடதா இருக்கணும். இந்த உரிமையை வேற நாட்டுக்குக் கை மாத்தக் கூடாது. நடுவுல இந்தியா அங்க எண்ணெய் தேட முடிவு பண்ணிட்டா அந்தப் பகுதியில மீன்பிடியை நிறுத்திக்கணும். மூணு வருஷம் முடிஞ்சா மொத்தமா வெளியேறணும். அப்படி வெளியேறுனதுக்கு அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு, வருஷம் ரெண்டாயிரம் டன் மீனை, பேசி முடிவு பண்ற விலைக்கு, இந்தியா இலங்கைக்குக் குடுக்கும். அந்தக் கப்பலுங்களை வேற பக்கம் திருப்ப தொழில்நுட்ப உதவியும் செய்யும்.

மொதல் தடவை படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் பொறாமையாவே இருந்துச்சு. பொட்டி தட்டுற பொழப்புல சர்வருக்கு எவ்வளவு ஆளை உள்ள விடுறதுன்னு வரம்பு எழுதுறது என் வேலையில ஒரு பகுதி. மொதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: எதை எண்ணுறது? ஆளை எண்ணுறதா, ஆள் எடுத்துட்டுப் போறதை எண்ணுறதா? ஆளை மட்டும் எண்ணுனா ஒருத்தனே அம்பது பேர் வேலையைச் செஞ்சுடுவான். கடல்லயும் அதேதான். ஆறு கப்பல்னு மட்டும் எழுதியிருந்தா பெரிய இஞ்சின், பெரிய வலைன்னு போட்டு அள்ளியிருக்கலாம். ரெண்டாயிரம் டன்னுன்னு மட்டும் எழுதியிருந்தா அறுபது கப்பல் வந்து நிக்கும், எவன் எவ்வளவு எடுத்தான்னு யாருக்குத் தெரியும்? ரெண்டையும் எழுதி, முடியிற தேதியும் எழுதி, முடிஞ்சதுக்கு அப்புறம் என்னன்னும் எழுதியிருக்காங்க.

டன் கணக்கு எதுக்கு முக்கியம்னா மீனோட சுபாவம் அப்படி. மத்தி, நெத்திலி மாதிரி வருஷா வருஷம் பெருகி வர்ற மீன் இல்லை இது. ஆழ்கடல் செப்பிலி வகையில சிலது நாப்பது வருஷத்துக்கு மேல உயிரோட இருக்கும். மெதுவா வளரும், ஒரே பாறையைச் சுத்திக் கூட்டமா நிக்கும். கூட்டமா நிக்கிறதால மீன் கொறைஞ்சாலும் அங்க போற கப்பலுக்குக் கொஞ்ச காலம் வலை நெறைஞ்சுதான் வரும், கொறையிறது தெரியாது. தெரியிறப்ப லேட். இன்னொண்ணு, சின்ன மீனைத் திருப்பி விட்டுடுங்கன்னு சட்டம் போட்டாலும் இதுல பெரிசா பிரயோஜனம் கிடையாது. நூறு மீட்டர் ஆழத்துலேர்ந்து மேல இழுக்கும்போது உள்ள இருக்குற காத்துப் பை உப்பி, மேல வர்றப்பவே பாதி உயிர் போயிருக்கும். ஹவாய்ல இந்தச் செப்பிலி, கலவா வகையில ஏழு மீனை ஒண்ணா சேத்து 2007லேர்ந்து மொத்தமா ஒரு வருஷ வரம்பு வச்சிருக்காங்க. வரம்பைத் தொட்டுட்டா கடை சாத்து, அடுத்த சீசன்ல பாத்துக்கலாம். அந்த யோசனையை முப்பது வருஷம் முன்னாடியே நம்ம வெளியுறவுத்துறை எழுதியிருக்கு! (விஞ்ஞானி யாரும் கணக்குப் போட்டு வந்த ரெண்டாயிரம் இல்லை அதுன்னுதான் நான் நினைக்கிறேன். பிடிக்கிற வரம்பும் அதே எண், பின்னாடி குடுக்குற மீனும் அதே எண். கொழும்புத் தட்டுல எவ்வளவு மீன் கொறையும்ங்கற கணக்காத்தான் தெரியுது. மீனைக் கேட்டு எழுதுனது இல்லை :-))

இப்ப அதே கடிதத்தோட இன்னொரு பத்திக்கு வருவோம். நம்ம டெல்டா இங்கதான் வருது. இந்திய மீனவருங்களும் கப்பலுங்களும் இலங்கையோட கடல்ல பிடிக்கக்கூடாது, இலங்கைக்காரங்க இந்தியக் கடல்ல பிடிக்கக்கூடாது, சம்பந்தப்பட்ட அரசாங்கத்தோட வெளிப்படையான அனுமதி இருந்தா ஒழிய. அவ்வளவுதான். ஒரே பத்தி. 1974 ஒப்பந்தத்துல கச்சத்தீவுக்கு முன்னைப் போலவே போய் வரலாம்னு நம்ம மீனவருக்கு ஒரு வரி இருந்துச்சு. 1976 கடிதத்துக்கு அப்புறம் அது வலை காயப் போடவும் திருவிழாவுக்கும் மட்டும்தான்னு அர்த்தம் ஆயிடுச்சு.

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. வாட்ஜ் திட்டுல ஆறு கப்பலுக்கு மூணு வருஷம் அவகாசம், கணக்கு, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் மீன், கூடவே தொழில்நுட்ப உதவி. பாக் நீரிணையில தலைமுறை தலைமுறையா போய்ட்டு வந்த நாகப்பட்டினம், கோடியக்கரை, மல்லிப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், ராமேஸ்வரம் ஆளுங்களுக்கு? ஒரு வருஷம் கூட இல்லை. எத்தனை வள்ளம், எத்தனை டன், எந்த வலைன்னு ஒரு கேள்வி கூடக் கேட்கப்படலை. பாதிக்கப்பட்ட ஆளுங்க எண்ணிக்கையில ஆயிரக்கணக்குல வித்தியாசம், பேசுன வார்த்தையில நேர் எதிர்.

தமிழ்நாட்டை ஏமாத்திட்டாங்கன்னு ஒரு வரியில முடிச்சுடலாம். அன்னிக்குக் கேக்க ஆளில்லைங்கறதும் நிஜம்தான்: 1976 ஜனவரி 31ல திமுக ஆட்சியைக் கலைச்சாச்சு, குடியரசுத் தலைவர் ஆட்சி, மேல எமர்ஜென்சி. ஆனா எனக்கு அதோட இன்னொரு காரணமும் தோணுது. ஆறு கப்பலை எண்ண முடியும். பேர் இருக்கு, பதிவு எண் இருக்கு, கொழும்புத் துறைமுகத்துல எடை போடுற எடம் இருக்கு. டெல்லியில மேசையில உக்காந்துக்கிட்டு லைசென்ஸ் எழுதிடலாம். வள்ளத்தையும் கட்டுமரத்தையும் எவன் எண்ணி வச்சிருந்தான்? எண்ண முடியாதவனுக்கு லைசென்ஸ் எழுதுறதைவிட, கூடாதுன்னு எழுதுறது சுலபம்.

எண்ணவே முடியாதுன்னும் சொல்ல முடியாது. இதே பாக் நீரிணையில 1970களோட கடைசியில விசைப்படகுக்காரங்களுக்கும் நாட்டுப்படகுக்காரங்களுக்கும் கலவரம் வந்தப்ப நாளை எண்ணிப் பிரிச்சாங்க. வாரத்துல மூணு நாள் விசைப்படகு, மீதி நாலு நாள் நாட்டுப்படகு. மல்லிப்பட்டினத்துல திங்கள், புதன், சனி விசைப்படகு நாள்னு சின்னப் பையன் கூட சொல்லுவான். டெல்டாக்காரனுக்கு இதை வெளக்கவே வேணாம். கல்லணையில தண்ணி கொறைஞ்சா முறை வச்சு விடுறோமே, அதே முறைதான். நாளைக்கு நாள் மாத்தி விட்டா யார் வலை, யார் வாய்க்கால்ங்கற சண்டை பாதி அடங்கிடும். என்ன, முறை வைக்கிறப்ப அணையில எவ்வளவு தண்ணி இருக்குன்னு தெரியும். கடல்ல எவ்வளவு மீன் இருக்குன்னு யாரும் அளந்து வைக்கலை. மூணு நாள்ல ஏழு நாள் மீனை அள்ளுற இஞ்சின் வந்துடுச்சு.

டெல்லியோட அடுத்த பெரிய பெர்மிட் 1991ல. ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கைன்னு பேரு. வெளிநாட்டுக் கம்பெனியோட கூட்டு சேந்து பெரிய கப்பல் கொண்டு வரலாம்னு கதவைத் தொறந்துட்டாங்க. வாட்ஜ் கடிதத்துல இருந்த கெடுபிடி எதுவும் இதுல இல்லை. 1994ல நாடு பூரா மீனவருங்க வேலைநிறுத்தம், 1995ல போர்பந்தர்ல தாமஸ் கோச்சேரி உண்ணாவிரதம். கடைசியில பி. முராரி தலைமையில குழு போட்டாங்க. 1996ல அது குடுத்த அறிக்கை, குடுத்த லைசென்ஸையெல்லாம் ரத்து பண்ணச் சொல்லுச்சு. அதுக்கப்புறமும் அனுமதிக் கடிதம்ங்கற பேர்ல பின்வாசல் தொறந்தே இருந்து 2017லதான் மூடுனாங்க.

அதே 2017லதான் பாக் நீரிணை இழுவைப் படகை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போங்கன்னு திட்டம் வந்துச்சு. தூண்டில் படகு ஒண்ணு எம்பது லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் இருவது சதவீதம், மீனவர் பத்து, பேங்க் கடன் இருவது. மூணு வருஷத்துல ரெண்டாயிரம் படகுன்னாங்க. (அந்த எண் மேல நம்ம ஆளுங்களுக்கு என்னதான் பாசமோ!) இலக்குக்குப் பக்கத்துலகூட வரலை. நாப்பத்தோரு வருஷம் முன்னாடி கொழும்புக் கப்பலுக்குக் குடுத்த "வேற எடத்துக்குத் திருப்பி விடுறோம்"ங்கற உதவி, நம்ம ஆளுக்கு அப்பதான் வந்து சேந்துச்சு, அதுவும் கடனோட.

2025 நவம்பர்ல புது விதிகள் வந்திருக்கு. பொருளாதார மண்டலத்துல பிடிக்கப் போற விசைப்படகுக்கும் பெரிய மோட்டார் படகுக்கும் 'ஆக்சஸ் பாஸ்', ஆன்லைன்ல. சின்ன, பாரம்பரிய மீனவருக்குப் பாஸ் வேணாம். கூட்டுறவு சங்கங்களுக்கு முன்னுரிமை, வெளிநாட்டுக் கப்பலுக்கு அனுமதி இல்லை, எல்இடி விளக்கு வச்சும் ஜோடிப் படகு வச்சும் பிடிக்கக்கூடாது. யாரை எண்ணுறதுங்கற விஷயத்துல இது 1976ஐ விட எவ்வளவோ மேல. இப்ப நம்ம படகுக்கும் எண் இருக்கு, டேட்டாபேஸ்ல பேர் இருக்கு. எதை எண்ணுறதுங்கறதுதான் இன்னும் படகாவே இருக்கு. மேலாண்மைத் திட்டம் போடணும்னு விதியிலேயே சொல்லியிருக்காங்க. செப்பிலி, கலவாவுக்கு டன் கணக்கு வந்தா அதுலதான் வரணும்.

பாஸ் வாங்குன மல்லிப்பட்டினத்து ஓனர் எந்த வழியா ஆழ்கடலுக்குப் போவார்னு மேப்பை வச்சுப் பாருங்க. நேரா கடலுக்குள்ள போனா ஆழமே பத்துப் பதினஞ்சு மீட்டர்தான், அதுக்குள்ள 1974ல போட்ட கோடு வந்துடும். ஒண்ணு, வடக்கே கோடியக்கரையைச் சுத்திக்கிட்டு வங்கக் கடலுக்குப் போகணும். இல்லேன்னா தெக்கே பாம்பன் தூக்குப்பாலம் தொறக்குற வரைக்கும் காத்திருந்து, மன்னார் வளைகுடா முழுசையும் தாண்டி, வாட்ஜ் திட்டுக்கு. அங்க குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரங்க ஏற்கெனவே தூண்டில் போட்டுக்கிட்டு இருப்பாங்க.