குளிர்காலத்தில் வீட்டுக்கு வந்த இயந்திரம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசனை ஒட்டிக் கிடக்கிறது மெண்டோட்டா ஏரி. அது என்றைக்கு உறைந்தது, என்றைக்குப் பனிக்கட்டி விட்டது என்ற கணக்கை அந்த ஊர்க்காரர்கள் 1850களிலிருந்து விடாமல் எழுதி வருகிறார்கள். பெரும்பாலும் டிசம்பரிலோ ஜனவரியிலோ ஏரி மூடிக்கொள்ளும். மறுபடி திறக்க மார்ச் கடைசியாகும், சில ஆண்டுகளில் ஏப்ரலும் ஆகிவிடும். இடைப்பட்ட மாதங்களில் ஜனங்கள் ஏரிமேல் நடந்துபோய், பனியில் துளையிட்டு மீன் பிடிப்பார்கள். படகுக்கு அப்போது வேலை இல்லை. படகுக்காரருக்குத்தான் வேலை.

காரணம் தண்ணீர். உறையும்போது அது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. ஓடும்போது இயந்திரத்தைக் குளிர்விக்கும் அதே ஏரித்தண்ணீர், உள்ளே தங்கிவிட்டால் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோல் கார்புரேட்டரின் ஊசித்துளைகளில் பிசினாகப் படியும். சிலிண்டர் சுவரில் எண்ணெய் வற்றிய இடத்தில் துரு ஏறும். ஆக, செப்டம்பர், அக்டோபரில் படகைக் கரையேற்றியதும் இயந்திரத்தைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்ய வேண்டும். வசந்தத்தில் அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். இதை ஒரு மெக்கானிக்கிடம் விடாமல் படகுக்காரரே செய்துகொள்வது வட அமெரிக்க ஏரிக்கரைகளில் நூறாண்டுப் பழக்கம். ஒரு சாதாரணக் குடும்பம் பெட்ரோல் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் துணிந்தது எப்படி? இயந்திரத்தின் வடிவமும் அது விற்கப்பட்ட விதமும்தான் விடை.

படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டும் அவுட்போர்டு இயந்திரம் என்ற எண்ணமே ஒரு சுத்தம் செய்யும் வேலையின் நடுவில் பிறந்தது என்பார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கேமரன் வாட்டர்மன் தன் மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, அறையில் ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டி வைத்தாராம். இதையே படகின் பின்பலகையில் மாட்டினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1905இல் டெட்ராய்ட் பக்கத்து ஆற்றில் அதை ஓட்டிப் பார்த்தார். அவருக்கு முன்பே, 1896இல், நியூயார்க் பக்கம் ஒரு கம்பெனி இப்படி ஒன்றை விற்றிருந்தாலும் அது நிலைக்கவில்லை. வாட்டர்மன் சில ஆண்டுகள் தொழில் நடத்திவிட்டு விலகினார். வரலாற்றில் பெரிய பெயர் வாங்கியவர் இன்னொருவர்.

ஓலே எவின்ரூட் 1877இல் நார்வேயில் பிறந்தவர். ஐந்து வயதில் பெற்றோருடன் விஸ்கான்சினுக்கு வந்தார். அப்பாவுக்குப் பண்ணை. பையனுக்கோ படகிலும் இயந்திரத்திலும் கண். பதினாறு வயதில் மேடிசனுக்குப் போய்ப் பட்டறைகளில் தொழில் கற்றார். பின்பு மில்வாக்கியில் வார்ப்பு அச்சு செய்யும் கடை வைத்தார். அங்கே கணக்கு வழக்கைப் பார்த்த பெஸ் கேரி பிற்பாடு அவர் மனைவியானார். கோடைநாளில் ஏரித்தீவொன்றில் உட்கார்ந்து பெஸ் ஐஸ்கிரீம் கேட்க, ஓலே துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிவிட்டது, அந்த வெயிலில்தான் படகு இயந்திரத்தின் நினைப்பு உதித்தது என்ற கதையை இன்றும் ஏரிக்கரையில் சொல்கிறார்கள். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அவர் செய்த முதல் இயந்திரத்தைப் பார்த்த பெஸ், காபிக்கொட்டை அரைக்கும் மிஷினைப்போல் இருக்கிறதே என்றாராம். ஒரு நண்பர் அதை இரவல் வாங்கிப்போய், பத்து பேரின் ஆர்டரோடு திரும்பினார் என்பது அந்தக் குடும்பத்தின் இன்னொரு கதை.

கதைகளை விட்டுச் சரக்கைப் பார்ப்போம். 1909இல் விற்பனைக்கு வந்த எவின்ரூட் இயந்திரம் ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர். ஒரே சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக், செங்குத்தாக நிற்கும் தண்டு, கீழே கியர்ப்பெட்டி, அதில் புரொப்பெல்லர். மேலே பறக்கும் சக்கரத்தில் ஒரு குமிழ். அதைப் பிடித்துச் சுற்றி முடுக்க வேண்டும். சரியான நேரத்தில் கையை எடுக்காதவர்களின் விரல் முட்டிகள் அதன் விலையைத் தெரிந்துகொண்டன.

இந்த 28 கிலோதான் முக்கியம். ஒரு ஆள் தூக்கிவிடலாம். படகின் வயிற்றுக்குள் பதித்த இயந்திரம் என்றால் மெக்கானிக் படகுக்கு வர வேண்டும், அல்லது படகு பட்டறைக்குப் போக வேண்டும். இதற்கு இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் போதும், இயந்திரம் தோளில் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். பனிகொட்டும் ஜனவரியில், வீட்டின் அடித்தளத்தில், கணப்புக்குப் பக்கத்தில் ஒரு மரச்சட்டத்தில் மாட்டி நிறுத்திவிட்டால் மூன்று மாதத்துக்கு அவசரமே இல்லை.

விற்பனை முறையும் இதற்குத் தோதாக அமைந்தது. விளம்பரங்களை எழுதியவர் பெஸ். அதைப் பார்த்துக் கடிதம் எழுதிப் பணம் அனுப்பினால் பெட்டி வீடு தேடி வரும். நார்வே, டென்மார்க் மீனவர்களுக்குக்கூடக் கப்பலில் போனது. பிற்பாடு சியர்ஸ் நிறுவனம் ‘வாட்டர்விட்ச்’ என்றும், மான்ட்கோமரி வார்டு நிறுவனம் ‘சீ கிங்’ என்றும் தங்கள் அஞ்சல் விற்பனைப் பட்டியல்களில் அவுட்போர்டுகளைப் போட்டன. அஞ்சலில் வந்த இயந்திரத்துக்கு மெக்கானிக் அஞ்சலில் வரமாட்டார். கூடவே வந்தவை ஒரு கையேடும் உதிரிபாகப் பட்டியலும்தான். வாங்கியவர்களில் பலர் பண்ணைக்காரர்கள். பால் பண்ணையின் பம்பையும் டிராக்டரையும் தாங்களே பழுது பார்த்தவர்கள். அவர்களுக்கு இந்தச் சின்ன இயந்திரம் ஒரு பொருட்டா?

அந்தக் குளிர்கால வேலையின் வரிசை இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. கடைசி ஓட்டத்தில் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுவார்கள். இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் குளிர்விக்கும் தண்ணீர் தானாகவே கீழே வடிந்துவிடும். அவுட்போர்டின் பெரிய வசதி இது. படுக்க வைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கும், வசந்தத்தில் வெடிப்பு வெளியே தெரியும். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே கொஞ்சம் எண்ணெய் விட்டு, சக்கரத்தைக் கையால் சில சுற்றுச் சுற்றுவார்கள். சிலிண்டர் முழுக்க ஒரு மெல்லிய பூச்சு ஏறும்.

அடுத்தது கியர் ஆயில். புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் இருக்கும் திருகைத் திறந்ததும் வழிகிற எண்ணெயின் நிறத்தைத்தான் அனுபவஸ்தர் முதலில் பார்ப்பார். பால்நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் குற்றவாளி தூண்டில் நரம்பு: தண்டில் சுற்றிக்கொண்டு, எண்ணெய் கசியாமல் காக்கும் சீலை அறுத்துவிடும். அதை அக்டோபரிலேயே கண்டுபிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து கியர்ப்பெட்டியையே உடைத்துவிடும். எண்ணெய் மாற்றுவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போடாதே என்று ஏரிக்கரைப் பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். அதோடு புரொப்பெல்லரைக் கழற்றி, ‘ஷியர் பின்’ என்ற மெல்லிய உலோக ஆணியையும் பார்ப்பார்கள். பாறையில் மோதினால் கியர் தப்பிக்கத் தான் உடைந்து கொடுக்கும் தியாகி அது. உபரியாக இரண்டு மூன்று ஆணிகளைப் பையில் போடாமல் ஏரிக்குப் போனவர் துடுப்புப் போட்டுத்தான் திரும்பியிருப்பார்.

வசந்தத்தில் தண்ணீர் நிரப்பிய குப்பைத் தொட்டியின் விளிம்பில் இயந்திரத்தை மாட்டிக் கொல்லைப்புறத்தில் முடுக்குவார்கள். பூசிய எண்ணெய் எரிந்து தெருவே புகையாகும். விஸ்கான்சினில் உள்நாட்டு மீன்பிடிப் பருவம் மே மாதத்து முதல் சனிக்கிழமை திறக்கிறது; அதற்கு முந்தைய வாரக்கடைசியில் அந்தப் புகைக்கு அக்கம்பக்கத்தார் யாரும் முகம் சுளிப்பதில்லை.

எவின்ரூட் 1914இல் கம்பெனியைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டு, உடல்நலம் குன்றிய மனைவியோடு ஊர்சுற்றப் போனார். திரும்பி வந்து அலுமினியத்தில் இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். பழைய கூட்டாளிக்கு அது வேண்டியிருக்கவில்லை. ‘எல்டோ’ என்ற பெயரில் புதுக் கம்பெனியே தொடங்கி 1921 வாக்கில் விற்றார்: 3 குதிரைத்திறன், 48 பவுண்டு. அதே காலத்தில் இண்டியானாவின் ஜான்சன் சகோதரர்கள் அதைவிடவும் எடை குறைந்த ஒன்றைக் கொண்டுவந்தார்கள். போட்டியில் எடை குறையக் குறைய, வீட்டுக்கு வரும் இயந்திரங்களும் பெருகின. 1930களின் பொருளாதார மந்தம் ஜான்சன் கம்பெனியைக் கவிழ்த்தது. எவின்ரூட் தரப்பே அதை வாங்கியது. ஓலே 1934இல் இறந்தார்.

பழுது பார்த்தே பெரிய கம்பெனி ஆன கதையும் இதே மாநிலத்தில் உண்டு. 1939இல் கார்ல் கீக்ஹேஃபர் என்ற பொறியாளர் சீடர்பர்க் ஊரில் திவாலான தொழிற்சாலை ஒன்றை வாங்கினார். அவர் திட்டம் வேறு. பண்ணைகளுக்கான காந்தக் கருவிகள் செய்ய நினைத்திருந்தார். உள்ளே கிடந்தவையோ, ஓடவில்லை என்று மான்ட்கோமரி வார்டு திருப்பி அனுப்பிய சுமார் 300 அவுட்போர்டுகள். கைச்செலவுக்குப் பணம் வேண்டி அவற்றைப் பிரித்துக் குறைகளைச் சரிசெய்து மறுபடி விற்றார். வாங்கிய நிறுவனம் திருப்தியாகி, இன்னும் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே ‘மெர்க்குரி’ பிறந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் பொதுமக்களுக்கான அவுட்போர்டு தயாரிப்பு நின்றது. ஆலைகள் ராணுவத்துக்கு உழைத்தன. 1945இல் ரைன் நதியைக் கடந்த நேசநாட்டுப் படகுகளில் எவின்ரூட்டின் 50 குதிரைத்திறன் இயந்திரங்கள் இருந்தன. உள்ளூரில் புதிது கிடைக்காததால் இருந்ததையே ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். போருக்குப் பின் வந்த பெருக்கத்தில் எவின்ரூட், ஜான்சன் இரண்டும் 1950களிலிருந்து சின்னதும் பெரிதுமான பல மாடல்களுக்கு ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரே வகை மேக்னெட்டோவைப் போட்டன. அதன் காண்டாக்ட் பாயின்ட் இடைவெளி 0.020 அங்குலம் என்று ஒருமுறை கற்றுக்கொண்டவர் பக்கத்து வீட்டுக்காரரின் இயந்திரத்தையும் சரிசெய்துவிடலாம். சொந்தப் பராமரிப்பின் பொற்காலம் அதுதான் என்பேன். அந்த இயந்திரங்களைத் தேடிப்பிடித்து ஓட்டுபவர்களுக்கு 1965 முதல் தனிச் சங்கமே இருக்கிறது.

1959இல் வோல்வோ பென்டா ‘அக்வாமேட்டிக்’ வந்தது. காரின் இயந்திரத்தைப் போன்றதைப் படகுக்குள் வைத்து, கியர்க் காலை மட்டும் வெளியே நீட்டிய அமைப்பு. இதைத் தோளில் தூக்க முடியாது, தண்ணீரும் தானாக வடியாது. இயந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் வடிகால் திருகுகளைக் குனிந்து தேடித் திறக்க வேண்டும். திறந்தும் சொட்டாவிட்டால் துருச்செதில் அடைத்திருக்கிறது, கம்பியால் குத்தவேண்டும். இதைத் தவறவிட்டு இயந்திரத்தையே பலி கொடுத்தவர்கள் ஏராளம். படகுத்துறைப் பட்டறைகளுக்குக் குளிர்கால வருமானம் பெருகியது இதற்குப் பிறகுதான்.

இங்கே நம் கரையையும் ஒரு நொடி பார்க்கலாம். 1980களில் கேரளக் கடற்கரைக்கு மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டுகள் வந்தபோது யமஹா, சுசூகியோடு ஜான்சன், எவின்ரூட் பெயர்களும் வந்தன. பனி இல்லாத நம் கிழக்குக் கரையில் பருவத்தைத் தீர்மானிப்பது சட்டம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி இயந்திரம் பிரிக்கிறார்கள். மீனுக்காகப் போட்ட தடை இயந்திரத்துக்கும் ஓய்வு தருகிறது.

அமெரிக்காவிலும் சட்டம் நுழைந்தது, வேறு பக்கமாக. பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் எரிபொருளில் கால்பங்கு வரை எரிக்காமலே தண்ணீரில் விட்டன. 1996இல் கொண்டுவந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2006க்குள் அந்த மாசை முக்கால்வாசி குறைக்கச் சொல்லின. கார்புரேட்டர் போய்க் கணினி வந்தது. நான்கு ஸ்ட்ரோக் பெருகியது. எவின்ரூட் பெயரை வைத்திருந்த தாய்க்கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. கனடாவின் பொம்பார்டியர் அதை வாங்கி, 2003இல் ‘ஈ-டெக்’ என்ற இயந்திரத்தை இறக்கியது. முதல் மூன்று ஆண்டுக்கு முறைப்படியான சர்வீஸே வேண்டாம் என்பது விளம்பரம். இன்னொரு வித்தையும் அதில் இருந்தது: கட்டுப்பாட்டுக் கைப்பிடியைக் கையேட்டில் சொன்ன வரிசையில் அசைத்தால், இயந்திரம் தானே தன் சிலிண்டருக்குள் எண்ணெய் பூசிக்கொண்டு நின்றுவிடும். பாட்டன் காலத்தில் ஸ்பார்க் பிளக் துளையில் செய்த வேலையை இயந்திரம் தானே செய்துகொண்டது.

மெச்ச வேண்டிய பொறியியல்தான். ஆனாலும் சந்தை மெச்சவில்லை. 2020 மே மாதம் எவின்ரூட் அவுட்போர்டுகளின் தயாரிப்பு நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது; நூற்றுப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பெயர் விஸ்கான்சின் ஆலையைவிட்டுப் போனது. கீக்ஹேஃபரின் மெர்க்குரி அதே மாநிலத்தின் ஃபாண்ட் டு லாக் நகரிலிருந்து இன்றும் இயந்திரங்களை அனுப்புகிறது. கணினி இருந்தாலும் கியர் ஆயிலைத் தானே மாற்றிக்கொள்ளும் அவுட்போர்டு கடைக்கு வந்துவிடவில்லை. நூறு மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை, அல்லது ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்லித்தான் கையேடுகள் இன்னும் அச்சாகின்றன.